ஆமைகள் யாருக்கு விசிலடித்தன?

அத்தியாயம் 11

மேனேஜரின் விரல் உடைந்தபோது நாங்கள் கிடங்கின் ஷட்டருக்கு வெளியே நின்றிருந்தோம். அலறல் தெளிவாகக் கேட்டது. அதற்கு யாரோ கைதட்டியதும் கேட்டது.

"வால், ஷட்டரைத் தூக்கு," என்றார் பாஸ்.

பாஸ் என்றதும் மீசை வைத்த ஆளை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வலது முழங்கால் தேய்ந்துபோய், பத்தடி நடந்தால் பதினோராவது அடிக்கு யோசிப்பவர். துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் அவர், நான், ஒரு ஓட்டைக் கார். என் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. எவன் பின்னாலாவது போய்க்கொண்டே இருப்பதால் வால். சும்மா இருக்க மாட்டேன் என்பதாலும் வால்.

குனிந்து உள்ளே நுழைந்ததும் தாடையில் ஒரு குத்து விழுந்தது. யார் என்று பார்ப்பதற்குள் இன்னொன்று. வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது.

"வாங்கன்னு சொல்ற பழக்கமெல்லாம் இங்க இல்லையா?" என்று கேட்டேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

"போதும், விடுப்பா," என்றபடி பாஸ் எனக்குப் பின்னால் நுழைந்தார். "அவனை அடிச்சா அவனுக்கு வாய்தான் ஜாஸ்தியாகும்."

குத்திய ஆள் வயசான அம்மாவைப் பார்த்துத் தயங்கினான். அந்தத் தயக்கத்தில் நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

பெரிய கிடங்கு. கூரை வரை இரும்பு அலமாரிகள், நடுவே மஞ்சள் கோடு போட்ட பாதைகள். அங்கே வேலை செய்பவர்கள் அவற்றைச் சந்து என்கிறார்கள். ஏழாம் சந்தின் வாயில், ஒரு தூணில், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் மேனேஜரைக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. முன்பல் ஒன்றைக் காணவில்லை. இடது கை நடுவிரல் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. சட்டையை மட்டும் இன்னும் பேன்ட்டுக்குள் ஒழுங்காகச் செருகி வைத்திருந்தார். 

அவர் முன்னால் இரும்புத் தடியோடு நின்றவன், செத்துப்போன மெக்கானிக்கின் தம்பி. பேக்கிங்கில் வேலை செய்பவன். அண்ணன் தூக்கி வளர்த்த பிள்ளை. இரண்டு நாளாக அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சொன்னார்கள். அழாதவனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

நடந்தது இதுதான். முந்தாநாள் சாயங்கால டீ நேரம் முடிந்ததும், ஏழாம் சந்துக்குள் மெக்கானிக் மண்டை பிளந்து கிடந்தார். காலையில்தான் மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டபடி திட்டியிருந்தார். போலீஸ் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ராத்திரி உட்கார வைத்துவிட்டு, சாட்சி இல்லை என்று அனுப்பிவிட்டது. இன்று அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்கு வந்தார். வந்தவரைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். எங்களை நேற்றே அமர்த்தியிருந்த அவர் மனைவி போனில் கதறினார். இன்ஸ்பெக்டரிடம் சொல்லியாகிவிட்டது. ஜீப் வந்துகொண்டிருக்கிறது என்றார். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

"தம்பி, அந்தத் தடியைக் கொஞ்சம் இறக்குப்பா," என்றார் பாஸ்.

"கிட்ட வராதீங்க மேடம். உங்களுக்கும் சேர்த்து விழும்."

"விழட்டும். இவர்தான் கொன்னாருன்னு யார் சொன்னது?"

"ஆமை சொல்லுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தாடை வலித்ததால் அடக்கிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை. தடியை ஓங்கி மேனேஜரின் தொடையில் ஒன்று வைத்தான். மேனேஜர் பல்லைக் கடித்தார். மிச்சமிருந்த பற்களை.

"மாப்ள, தலையில போடு. எல்லாருக்கும் வேலை மிச்சம்," என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். கைதட்டியது இவன்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், தம்பியின் அக்கா புருஷன். ஒரு கையைத் தம்பியின் தோளில் ஆதரவாக வைத்திருந்தான். இன்னொரு கையில் போன், நடப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற இன்னும் பத்துப் பதினைந்து பேரும் அப்படித்தான். இந்தக் காலத்தில் மனிதனை அடித்தே கொன்றாலும் பரவாயில்லை, படம் மட்டும் ஆடக்கூடாது.

பாஸ் மேனேஜரை நோக்கி நடந்தார். குறுக்கே மஞ்சள் கோட்டுப் பாதை. பாதி தாண்டும்போது முழங்கால் மக்கர் செய்துவிட்டது. அப்படியே நின்றார்.

அப்போதுதான் ஆமையைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குத் தட்டையான இயந்திரம், முதுகில் ஒரு அலமாரியையே சுமந்துகொண்டு, ஏழாம் சந்திலிருந்து சத்தமில்லாமல் வந்தது. கிடங்கு முழுக்க இவை ஓடுகின்றன. மனிதர்கள் அடித்துக்கொண்டாலும் அவற்றுக்கு வேலை நிற்பதில்லை. பாஸுக்கு முன்னால் வந்து நின்றது. "டிங்" என்றது. பாஸ் நகரவில்லை. கொஞ்சம் பொறுத்தது. பிறகு, "டிங், டூ, டூ" என்று மெலிதாக மூன்று விசில் அடித்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

அந்த மூன்று விசிலைக் கேட்டதும் கூட்டமே ஆடிப்போனது. போன்கள் சடசடவென்று பைக்குள் போயின. ஒருத்தி அவசரமாகப் பக்கத்துப் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

அவள் கையில் டேப் உருளைகள் வளையல்களாக மாட்டியிருந்தன. எல்லாரும் அவளை டேப்பக்கா என்றார்கள். "இது மேனேஜர் விசில் சார்," என்றாள். "அவர் வந்தாத்தான் ஆமை இப்படி அடிக்கும். எங்களுக்கெல்லாம் ஒரே ஒரு டிங்தான். மூணு அடிச்சா அவர் வர்றார்னு அர்த்தம். போனை ஒளிச்சு வெச்சுட்டு வேலை செய்யற மாதிரி நிப்போம். வருஷக்கணக்கா பழகிப் போச்சு."

"முந்தாநாளும் அடிச்சுதா?"

"டீக்கு உக்கார்ந்ததும் அடிச்சுது. ஏழாம் சந்துப் பக்கமிருந்து. நாங்க எல்லாரும் அரக்கப் பரக்க எழுந்து ஓடினோம். அப்புறம் நான்தான் போய்ப் பார்த்தேன். மெக்கானிக் அண்ணன்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"டீ நேரத்துல நாங்க அத்தனை பேரும் ஒரே இடத்துல இருந்தோம்," என்று தம்பி கத்தினான். "இந்த ஆள் மட்டும் இல்லை. ஏழாம் சந்துல இவனைப் பார்த்துத்தான் ஆமை விசில் அடிச்சிருக்கு. இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் தெரியுமா? விசிலைக் கூண்டுல ஏத்த முடியாதாம். நீங்க ஏத்த வேண்டாம். நானே தீர்ப்பு சொல்லிக்கறேன்."

மேனேஜர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நான் என் ரூம்ல கதவைச் சாத்திட்டுச் சாப்பிட்டுட்டு இருந்தேன்."

"சாயங்காலம் என்னடா சாப்பாடு?" என்று ஃபோர்க்லிஃப்ட்காரன் எட்டி அவர் வயிற்றில் உதைத்தான்.

"மத்தியானம் சாப்பிட நேரம் கிடைக்கலை," என்று மேனேஜர் தரையைப் பார்த்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொல்லவும் ஒரு முகராசி வேண்டும்.

பாஸ் இது எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. போய்விட்ட ஆமையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "வால், எனக்கு எதுக்கு மூணு விசில்?"

"உங்க முகத்துலயும் அந்தக் கடுகடுப்பு இருக்கு பாஸ்."

"இந்த ஆமைகளுக்கு யார் பொறுப்பு?"

அலமாரி மறைவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி போட்டவள். ஆமைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறியாளர். அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள்.

"டீச்சர், மேனேஜர் வந்தா மூணு விசில் அடின்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

"ஐயோ இல்லை மேடம். எந்தச் சத்தத்தையும் நாங்க சொல்லிக் கொடுக்கலை. ரெண்டு விஷயம்தான் சொன்னோம். சரக்கைச் சீக்கிரம் கொண்டுபோ. உடம்புச் சூடு தெரிஞ்சா மனுஷன், அவன் மேல படாதே. ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் கொடுத்தோம், அவ்வளவுதான். முதல்ல கன்னாபின்னான்னு கத்திட்டு இருந்துச்சு. எந்தச் சத்தத்தால மத்த ஆமைக்கு வேலை சுலபமாச்சோ அது மட்டும் நிலைச்சுது. இப்போ அதுங்களுக்குள்ள ஒரு பாஷையே இருக்கு. எதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. போலீஸ்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். திட்டினாங்க."

"என் தங்கச்சி பொண்ணு பேச ஆரம்பிச்சப்போ டீயைக் காட்டி 'உஃபு'ன்னு சொல்லுவா," என்றார் பாஸ். "டீக்குத்தான் உஃபுன்னு பேர் வெச்சிருக்கான்னு வீடே நினைச்சுது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தும் உஃபு. காய்ச்சல்ல படுத்திருந்த அப்பா நெத்தியைத் தொட்டும் உஃபு. அவளுக்கு டீ முக்கியமில்லை. சூடுதான் முக்கியம்."

"கதை கேட்கவா கட்டி வெச்சிருக்கோம்?" என்று தம்பி தடியைத் தூக்கினான். இந்தத் தடவை தலைக்குத்தான் குறி. நான் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் என் மூக்கில் இடித்தான். பொறி கலங்கியது. பிடியை விடவில்லை.

"ஒரே ஒரு கேள்வி தம்பி!" பாஸின் குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது. "ஆமை எதிர்ல வந்தா நீ என்ன செய்வே?"

"விலகுவேன். எல்லாரும் விலகுவாங்க. அதான் ரூல்."

"மேனேஜர்?"

டேப்பக்காதான் சொன்னாள். "அவர் விலக மாட்டார் மேடம். நடுவுலேயே நிப்பார். நான் விலகணுமா, மிஷின் விலகணுமான்னு கேப்பார். ஆமைதான் சுத்திட்டுப் போகும்."

தூணில் கட்டியிருந்த மேனேஜரைப் பார்த்தேன். அந்த நிலையிலும் மனிதர் லேசாக நிமிர்ந்தார்.

"மேனேஜர்னா யாருன்னு ஆமைக்கு எதுக்குத் தெரியணும்? அது என்ன லீவு கேட்கப் போகுதா?" என்றார் பாஸ். "முதல் டிங் எல்லாருக்கும் பொது. மனுஷன்னு அர்த்தம். பின்னால வர்ற ரெண்டும், 'இது நகராது, சுத்திப் போங்க'. என் முழங்கால் சதி பண்ணி நான் நின்னேன், எனக்கும் அதே பட்டம் கொடுத்துட்டுப் போச்சு. இந்தக் கிடங்குல விலகாத ஆள் ஒருத்தர்தான். அதனால அதை அவர் பேருன்னு நீங்க எல்லாரும் நினைச்சுட்டீங்க."

"அப்போ முந்தாநாள் ஏழாம் சந்துல விலகாம நின்னது..."

"நின்னதுன்னு யார் சொன்னது?" என்ற பாஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என் உடம்புக்கு நல்லது எதுவும் நடந்ததில்லை. "வால், சந்துக்குள்ள போய்ப் படு. பிணம் மாதிரி."

"பாஸ், அந்த அலமாரியோட வெயிட் தெரியுமா?"

"தெரியாது. ஆமைக்குத் தெரியும். போ."

ஏழாம் சந்தின் தரையைக் கழுவியிருந்தார்கள். சிமென்ட்டின் விரிசலில் மட்டும் கறுப்பாக ஏதோ மிச்சமிருந்தது. என்னவென்று யோசிக்காமல் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். யோசிக்காமலிருக்க முடியவில்லை. இங்கேதான் ஒரு மனிதன் மண்டை உடைந்து கிடந்திருக்கிறான்.

கூட்டம் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. போன்கள் மறுபடியும் வெளியே வந்திருந்தன. தம்பி மேனேஜரின் சட்டைக் காலரைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தான். ஒரு ஆமை என்னை நோக்கி வந்தது. தரையில் படுத்துக்கொண்டு பார்த்தால் அது ஆமை இல்லை, லாரி. என் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"டிங்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"டிங், டூ, டூ."

சுற்றிக்கொண்டு போய்விட்டது. சந்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு ஆமை அதே மூன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கமே வராமல் திரும்பிப் போனது.

டீச்சர்தான் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அப்படின்னா அது செத்தவரைப் பார்த்து அடிச்சிருக்கு. உடம்பு சூடு ஆறாம இருந்திருக்கும்."

"ஆமா. அவர் செத்தப்புறம் அடிச்ச விசில்," என்றார் பாஸ். "டேப்பக்கா, டீ நேரத்துக்கு முன்னால ஏன் யார் காதுலயும் விழலை?"

"முன்னாலன்னா பெல்ட் ஓடிட்டு இருக்குமே மேடம். பெட்டி போற பெல்ட். அந்தச் சத்தத்துல தூரத்துல சந்துக்குள்ள யார் கத்தினாலும் எங்களுக்குக் கேட்காது. டீக்குத்தான் நிறுத்துவாங்க." சொல்லி முடித்ததும் அவளுக்கே புரிந்தது. "ஐயோ. அதுக்கு முன்னாலேயே அடிச்சிட்டுத்தான் இருந்திருக்கும்!"

"டீ குடிக்கும்போது கொலை நடக்கலை. அதுக்கு முன்னாலேயே முடிஞ்சு போச்சு. டீ நேரத்துல யார் எங்க இருந்தாங்கங்கறது இனிமே யாரையும் காப்பாத்தாது. யாரையும் மாட்டி வைக்கவும் முடியாது."

தம்பியின் பிடி காலரிலிருந்து நழுவியது. ஆனால் தடி கையிலேயே இருந்தது. "அப்போ யாரு?" என்றான். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி ஆகிவிட்டிருந்தது. "யாரு மேடம்?"

"இந்தத் தடவை நான் ஆமையைப் பார்க்கலை தம்பி. ஆமை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். விசில் அடிச்சப்போ நான் இவங்க கைகளைப் பார்த்துட்டு இருந்தேன்." பாஸ் கூட்டத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "மேனேஜர் கண்ணெதிர்ல கட்டிக் கிடக்கறார். எல்லாருக்கும் அது தெரியும். இருந்தும் விசில் கேட்டதும் அத்தனை போனும் பைக்குள்ள போச்சு. புத்திக்குத் தெரிஞ்சது கைக்குத் தெரியலை. வருஷக்கணக்கான பழக்கம். முதல் தடவையும் போச்சு, இப்பவும் போச்சு. ரெண்டு தடவையும் ஒரே ஒரு போன் மட்டும் கீழ இறங்கவே இல்லை."

எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடுத்தவன் கையை. கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. ஃபோர்க்லிஃப்ட்காரனின் போன் இன்னும் உயர்ந்தே இருந்தது. சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன உளர்றீங்க?" என்றான் அவன். "எனக்குப் பயம் கிடையாது, அதான்."

"அன்னைக்கும் இவர் எழுந்திருக்கலை!" டேப்பக்கா கீச்சிட்டாள். "கடைசியா கையைக் கழுவிட்டு வந்து உக்கார்ந்தார். விசில் கேட்டு நாங்க டீயைக் கொட்டிட்டு ஓடினோம். இவர் மட்டும் உக்கார்ந்து முழுசாக் குடிச்சார்!"

"மத்தவங்க காதுக்கு அந்த விசில் மேனேஜர்," என்றார் பாஸ். "உன் காதுல மட்டும் அர்த்தம் மாறிப் போச்சு. மெக்கானிக் விழுந்ததும் ஒரு ஆமை வந்து அவரைப் பார்த்து அடிச்சதை நீ நேர்ல நின்னு கேட்டிருக்கே. இந்தக் கிடங்குல ஆமை பாஷை தெரிஞ்ச ஒரே மனுஷன் நீதான்."

"ஆதாரம் இருக்கா?" அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. பதற்றமே இல்லை. தம்பியின் தோளை மறுபடியும் தொட்டான். "மாப்ள, இந்தப் பொம்பளை மேனேஜர் பொண்டாட்டி கூட்டிட்டு வந்த ஆளு. என் மச்சானை நான் எதுக்குடா கொல்லணும்?"

"காலையில உங்க அக்காவைப் பார்த்தேன் தம்பி," என்றார் பாஸ், அவனைப் பார்க்காமலே. "கையில கட்டு. கீழ விழுந்துட்டேன்னு உன்கிட்ட சொல்லியிருப்பா. விழலை. ஒரு வாரமா உங்க அண்ணன்தான் அவளை வேற இடத்துல ஒளிச்சு வெச்சிருந்தார். எங்கேன்னு இவருக்குத் தெரியணும். முந்தாநாள் மெக்கானிக் இவர் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாராம். என் தங்கச்சியை விட்டுடுன்னு அழுதாராம்."

"அவனா கெஞ்சினான்?" ஃபோர்க்லிஃப்ட்காரனின் முகம் ஒரு நொடியில் வேறு முகமானது. "சிரிச்சான்! பொண்டாட்டிகிட்ட காட்டற வீரத்தை என்கிட்ட காட்டுடான்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சான்!"

அவன் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சொன்னதை அதுவே பதிவு செய்துவிட்டது.

அது அவனுக்கும் உறைத்தது. அதன் பிறகு எல்லாமே மின்னல் வேகம். போனைத் தரையில் அறைந்தான். தம்பியின் கையிலிருந்த தடியைப் பிடுங்கி அவன் நெற்றியிலேயே ஒன்று போட்டான். தம்பி சுருண்டான். குறுக்கே வந்த ஒருவனின் தோள்பட்டையில் அடுத்த அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. டேப்பக்காவைத் தள்ளிவிட்டுப் பாஸை நோக்கிப் பாய்ந்தான். என் தலைமாட்டுக்கு வந்திருந்த பாஸ் முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். ஓட வழியில்லை. தடி அவர் தலைக்கு மேலே உயர்ந்தது.

என்னை எல்லோரும் மறந்திருந்தார்கள். நான் இன்னும் பிணமாகத்தான் கிடந்தேன். அவன் கால் என் முகத்துக்கு நேராக வந்து ஊன்றியது. கையைத் தூக்க நேரமில்லை. கடித்தேன். ஆடுசதையில், பேன்ட்டோடு சேர்த்து, தாடை வலியெல்லாம் மறந்து, பல் பல்லோடு சேரும் வரை கடித்தேன். பிணம் கடிக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். அலறிக்கொண்டு குப்புற விழுந்தான். தடி உருண்டது. நான் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, அன்று எனக்கு விழுந்த அத்தனை குத்தையும் அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் வந்து அவன் கைகளைப் பெட்டி நாடாவால் இறுக்கினார்கள்.

நிமிர்ந்தபோது தம்பி எனக்கு மேலே நின்றான். நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். தடி மறுபடியும் அவன் கையில் இருந்தது.

"நகருங்க சார்."

"வேண்டாம்பா."

"நகருங்க. என் கையில தடியைக் கொடுத்து, ஒரு பாவமும் செய்யாத ஆளை அடிக்க வெச்சான். என் தோள்ல கை போட்டுட்டு! என் அண்ணனைக் கொன்ன கை அது!"

நான் நகரவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கால் மரத்துப் போயிருந்தது. அவன் ஓங்கினால் என்னோடு சேர்த்துத்தான் அடிப்பான் என்று தெரிந்தது. பின்னாலிருந்து யாரும் அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பாஸ் நொண்டிக்கொண்டு வந்தார். தன் போனில் ஒரு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "உன் அக்காதான். இவர்தான் செய்திருப்பார்னு அவளுக்கு முதல்லயே சந்தேகம். ஏன் உன்கிட்ட சொல்லலைன்னு கேளு. கேட்டுட்டு அடி."

"அக்கா..." என்றான்.

மறுபக்கம் மெல்லிய குரல். "அவருதானா?"

"ஆமாக்கா."

அவள் அழவில்லை. "டேய், நீ யாரையும் ஒண்ணும் பண்ணிடலையே? அண்ணன் போயிட்டான். நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா நான் யார்கிட்டடா போவேன்? அதுக்குப் பயந்துதான் வாயைத் திறக்கலை. சொல்லுடா. யாரையாவது ஏதாவது பண்ணிட்டியா?"

தம்பி கீழே கிடந்தவனைப் பார்த்தான். தடியைப் பார்த்தான். பிறகு தூணைப் பார்த்தான். யாரோ மேனேஜரின் கட்டை அறுத்துவிட்டிருந்தார்கள். அவர் உடைந்த விரலை இன்னொரு கையால் பிடித்தபடி தூணில் சாய்ந்து நின்றார். தம்பியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"டேய், ஏன்டா பேச மாட்டேங்கறே? ஐயோ, யாரையாவது கொன்னுட்டியா?"

மேனேஜர் தூணை விட்டு நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் முகம் கோணியது. நல்ல கையை நீட்டினார்.

"போனை இப்படிக் கொடுங்க."

பாஸ் கொடுத்தார்.

"அம்மா, நான் மேனேஜர் பேசறேன். உங்க தம்பி என் விரலை உடைச்சிருக்கான். பல்லு ஒண்ணு போயிடுச்சு. போலீஸ்ல புகார் கொடுக்கத்தான் போறேன், அதுல மாத்தமில்லை." வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினார். "ஆனா நான் உயிரோட இருக்கேன். உங்க வீட்டுக்காரரும் உயிரோடதான் கிடக்கறார். உங்க தம்பி யாரையும் கொல்லலை. கொல்லவும் மாட்டான், நான் பக்கத்துலதான் நிக்கறேன். நீங்க தைரியமா இருங்க."

போனைத் தம்பியின் கையில் வைத்தார். அதை வாங்க அவனுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. தடி தரையில் விழுந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அண்ணன் செத்துப்போன பிறகு முதல் தடவையாக, அவன் வாய்விட்டு அழுதான்.